ஜெனரேட்டர் அண்ணா

அடுத்தவனை அடித்துப் பிடுங்கும் கம்ப்யூட்டர் விளையாட்டுகள் எனக்கு அன்றும் பிடிக்காது, இன்றும் பிடிக்காது. ஆனாலும் தில்லி முனிர்காவில் அறை எடுத்துத் தங்கி, அரசாங்கத் தேர்வுக்குப் படிப்பதாக ஊரில் எல்லோரையும் நம்பவைத்திருந்த காலத்தில், அப்படி ஒரு விளையாட்டில் ஒன்றரை வருடம் விழுந்து கிடந்தேன். இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில். எங்கள் அறை மூன்றாவது மாடியில், தலைக்கு நேர் மேலே மொட்டை மாடி. தெருமுனை சைபர் கஃபேயில் ஏர்கூலர் இருந்தது. என் அறைத்தோழன் மதுரைக்காரன், "சும்மா வந்து உக்காரு மாப்ள, காத்தாவது வரும்" என்று கூட்டிக்கொண்டு போனான். காற்று வாங்கப் போனவன்தான்.

அந்த விளையாட்டில் எனக்குப் பிடிக்காதவற்றைச் சொல்ல ஆரம்பித்தால் முடியாது. முதலில் எலிகளைக் கொல்ல வேண்டும். எலி முடிந்தால் பன்றி. பன்றி முடிந்தால் மனிதர்கள். நாடு முழுக்க ஆயிரக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் ஒரே காட்டில் கத்தியோடு அலைவார்கள். செத்து விழுந்தவனின் கத்தி, கவசம் எல்லாவற்றையும் யார் வேண்டுமானாலும் உருவிக்கொள்ளலாம். உருவியவன் போகும்போது விழுந்தவனின் அம்மாவையும் தங்கையையும் இந்தியில் நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் போவான். இதற்குப் பெயர் விளையாட்டு.

இதில் உருப்படியாக இருந்தது ஒன்றே ஒன்று. அதை விளையாட்டைச் செய்தவர்கள் வைக்கவில்லை. அது ஓர் ஆள். அந்த விளையாட்டில் நாங்கள் சேர்ந்து ஆடிய குழுவில் இருந்தவர். பெயரைச் சொல்லப் போவதில்லை. கேட்டால், "என் பேரெல்லாம் எதுக்கு?" என்பார். அவர் வெளியே போய்வர இருந்த ஒரே இடம் அந்தப் பாழாய்ப்போன காடுதான். அங்கிருந்தும் அவரை எங்கள் குழு துரத்தியது. துரத்தியதில் எனக்கும் பங்கு உண்டு. அதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் நான் அவரைப் புகழ்வதில் அர்த்தமில்லை.

முதலில் கரண்ட் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். முனிர்காவில் அந்த நாட்களில் கரண்ட் வந்தால்தான் செய்தி. கோடைக்காலத்தில் மதியம் போனால் கால் மணியும் ஆகும், முக்கால் மணியும் ஆகும். கஃபேக்காரரின் இன்வெர்ட்டர் விளக்குக்கும் ஒரு ஃபேனுக்கும் மட்டும் போதும். விளையாடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் திரை அணைந்துவிடும். ஆனால் காட்டுக்குள் நம் ஆள் மறைய மாட்டான். அரை மணி நேரம் அதே இடத்தில், ஓங்கிய கத்தி ஓங்கியபடி, சிலையாக நிற்பான். அப்படி நிற்பவனை ஒரு சின்னப் பிள்ளைகூட வெட்டிச் சாய்க்கலாம். முனிர்காவில் கரண்ட் போனது தெரிந்ததும் தில்லியின் மற்ற மூலைகளில், சாக்கேத்திலும் ரோஹிணியிலும் இருப்பவர்கள் கொள்ளையடிக்கக் கிளம்பிவிடுவார்கள்.

நான் முதல்முறை அப்படி மாட்டியது ஒரு சதுப்பு நிலத்தில். கரண்ட் திரும்பி வந்து, எல்லாம் போயிருக்கும் என்ற நினைப்போடு திறந்தால், என் கத்தி என்னிடம் இருந்தது. கவசம் இருந்தது. பக்கத்தில் தாடி வைத்த பெரிய மல்லன் ஒருவன், கையில் உலக்கை மாதிரி ஒரு தடியோடு நின்றுகொண்டிருந்தான். எதிரே இரண்டு பிணம்.

"வந்தாச்சா? அச்சா. கெளம்பறேன்" என்று எழுதிவிட்டு மல்லன் நடந்து போய்விட்டான். இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். அங்கே எங்கள் பேச்செல்லாம் அப்படித்தான்.

யார் என்று மதுரைக்காரனிடம் கேட்டேன். எங்கள் குழுவுக்கு அவன்தான் தலைவன். "அவரு நம்ம ஆளுதான்டா. லக்ஷ்மிபாய் நகர்ல இருக்காரு. அங்க எல்லாம் கவர்மெண்ட் குவார்ட்டர்ஸ், கரண்டே போகாது. ஜெனரேட்டர் அண்ணான்னு கூப்புடு" என்றான்.

நானும் அப்படியே கூப்பிட்டேன். ஜெனரேட்டர் அண்ணாவுக்குச் சில வழக்கங்கள் இருந்தன. கீழே விழுந்து கிடக்கும் பொருள் எதையும் எடுக்க மாட்டார். தானாகப் போய் யாரையும் அடிக்க மாட்டார். காயம்பட்டவர்களுக்கு மருந்து போடுவதில் கெட்டிக்காரர், குழுவில் அவர் அளவுக்கு யாருக்கும் அது கைவரவில்லை. எங்கே கரண்ட் போனாலும் ஓடி வந்துவிடுவார். கொள்ளையடிக்க வருகிறவர்களிடம் ஒரே ஒரு வரி எழுதுவார்: "அந்தர் ஆத்மி ஹை." உள்ளே ஆள் இருக்கிறார்.

கஃபேயில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். முனிர்கா அறைகளில் நாலு குடித்தனத்துக்கு ஒரு கக்கூஸ். காலையில் கதவைத் தட்டுகிறவனுக்கு எல்லோரும் கொடுக்கிற பதிலும் இதேதான். அந்தக் கொள்ளைக்காரர்களும் சிரித்துவிட்டுத்தான் அவரை அடிப்பார்கள். அவர் விழுவார், அடுத்த ஊரில் உயிர்த்தெழுவார், ஓட்டமாக ஓடி வந்து மறுபடி அதே இடத்தில் நின்று, மறுபடி அதே வரியை எழுதுவார். மூன்றாவது தடவை பலருக்கு அலுத்துப் போய்விடும். சனியன், விடு என்று போய்விடுவார்கள். இதைவிடப் பெரிய வீரம் எதையும் அந்த விளையாட்டில் நான் பார்க்கவில்லை.

ஒருமுறை கரண்ட் போய் நின்றவன் எங்கள் எதிரிக் குழுவைச் சேர்ந்தவன். முதல் நாள்தான் எங்களில் மூன்று பேரை உருவியிருந்தான். ஜெனரேட்டர் அண்ணா அவன் பக்கத்திலும் போய் நின்றார். மதுரைக்காரனுக்குத் தாங்கவில்லை.

"அண்ணே, அவன் எதிரிண்ணே!"

"தெரியும். கரண்ட் வரட்டும், அப்புறம் சண்டை போடுங்க."

"அவன் வந்தா நம்மள அடிப்பான்ல?"

"அடிப்பான். அடிக்கறதுக்கு வரணும் இல்லியா?"

மதுரைக்காரன் கீபோர்டை ஓங்கித் தட்டினான். கஃபேக்காரர், "பையா, கீபோர்ட் மேரா ஹை" என்றார். கீபோர்ட் அவருடையதாம்.

ஜெனரேட்டர் அண்ணாவை நேரில் பார்க்க நேர்ந்தது ஒரு கடிதத்தால். ஒருநாள் குழுவில் பொதுவாகக் கேட்டார்: "யாருக்காவது தமிழ் நல்லா படிக்க வருமா? எனக்கு வராது. வீட்டுக்கு ஒரு லெட்டர் வந்திருக்கு." அங்கே இருந்ததிலேயே வேலை வெட்டி இல்லாதவன் நான்தான். கோவில்பட்டிப் பள்ளிக்கூடத்தில் தமிழில் முதல் மார்க் எடுத்தவன் வேறு. சனிக்கிழமை காலை பஸ் பிடித்து லக்ஷ்மிபாய் நகர் போய், குவார்ட்டர்ஸ் எண்ணைத் தேடிக் கண்டுபிடித்து மணியை அடித்தேன். முப்பத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண், கையில் ஈரத் துண்டோடு கதவைத் திறந்தார்.

"அண்ணா இருக்காங்களா?" என்றேன்.

"எந்த அண்ணா?"

"வந்து... ஜெனரேட்டர் அண்ணா."

அவர் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டுப் பஞ்சாபி அம்மாள் வெளியே வந்துவிட்டாள். "நான்தான் உன் அண்ணா. உள்ள வா" என்றார். அப்போதிருந்து அக்கா.

உள்ளே ஒரே ஒரு பெரிய அறை. ஜன்னலோரம் கட்டிலில் அவருடைய மாமியார் படுத்திருந்தார். பக்கவாதம் வந்து இரண்டு வருடம். கை கால் அசையாது, பேச்சு இல்லை, கண் மட்டும் திறந்திருந்தது. கட்டிலுக்குப் பக்கத்திலேயே கம்ப்யூட்டர். திரை கொஞ்சம் கோணலாக, படுத்திருப்பவருக்கும் தெரிகிற மாதிரி திருப்பி வைத்திருந்தது. கணவர் ஏதோ அமைச்சகத்தில் வேலை, மாதத்தில் பாதி நாள் டூர். அக்கா ஒரு கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்து, மாமியார் விழுந்த பிறகு வேலையை விட்டவர். பிறந்தது வளர்ந்தது எல்லாம் தில்லி. தமிழ் பேசுவார், எழுத்து தெரியாது. இரண்டு வருடமாகப் பால் பூத், மருந்துக்கடை தவிர எங்கும் போனதில்லை. போனாலும் பத்து நிமிடத்தில் திரும்பியாக வேண்டும்.

"அதான் அங்க போறேன்" என்று திரையைக் காட்டினார். "மலை இருக்கு, ஆறு இருக்கு, உங்க மாதிரி தடிப்பசங்க பதினோரு பேர் இருக்கீங்க. அத்தையும் வராங்க. இல்லியா அத்தை?"

மாமியார் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடிதம் மாமியாருக்கு மன்னார்குடியிலிருந்து அவருடைய தங்கை எழுதியது. இன்லேண்டில் இண்டு இடுக்கு விடாமல் எழுதியிருந்தார். நான் அக்காவைப் பார்த்துப் படிக்க ஆரம்பித்தேன். இரண்டு வரி போனதும் தடுத்தார்.

"என்னைப் பார்த்துப் படிக்காதே. லெட்டர் எனக்கா வந்திருக்கு? அந்த ஸ்டூலை அங்க போட்டுக்கோ. அவங்க மூஞ்சியைப் பார்த்துப் படி. மெதுவா."

எனக்குக் கூச்சமாக இருந்தது. பதில் சொல்லாத முகத்தைப் பார்த்து, நல்லம்மாவின் பேத்திக்குக் காது குத்தியதையும் பின்கட்டுச் சுவர் மழையில் விழுந்ததையும் படிப்பது லேசான வேலை இல்லை. நடுவில் ஒரு பத்தியை விழுங்கிவிட்டுத் தாண்டப் பார்த்தேன். தமிழ் எழுத்துத் தெரியாதவர் அதை எப்படிக் கண்டுபிடித்தாரோ. "பேஜ் பெரிசா இருக்கு, நீ ஜல்தி முடிக்கற. மறுபடி படி" என்றார்.

படித்து முடித்த பிறகு கேட்டேன், "அவங்களுக்குப் புரியுமாக்கா?"

"டாக்டர் புரியாதுங்கறார். புரியலாம். யாருக்குத் தெரியும்?" துண்டால் மாமியாரின் வாயோரத்தைத் துடைத்தார். "அசையலைன்னா ஆள் இல்லேன்னு ஆயிடுமா? என்ன பேசறே நீ."

பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை. சிரித்துச் சிரித்து நாங்கள் கேலி செய்த அந்த ஒரு வரியை அவர் எந்த அறையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார் என்று இப்போது தெரிந்துவிட்டது. கஃபேயில் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். அதன் பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை லக்ஷ்மிபாய் நகர் போவது வழக்கமாயிற்று. கடிதம் இல்லாத வாரம் பழைய கடிதத்தைப் படிக்கச் சொல்வார். என்னையும் விட மாட்டார். "குளிச்சியா? பரீட்சை எப்போ? பொய் சொல்லாதே, நேத்து மத்யானம் மூணு மணிக்கு நீ சதுப்பு நிலத்துல இருந்தே."

இப்போது கோட்டைக்கு வர வேண்டும். விளையாட்டில் ஒவ்வொரு ஞாயிறும் மதியம் மூன்று மணிக்குக் கோட்டைச் சண்டை. நாலு மணிக்கு யார் உள்ளே இருக்கிறார்களோ அவர்களுக்கு ஒரு வாரம் கோட்டை சொந்தம், வாசலில் அவர்கள் கொடி. நாலு மாதமாக நாங்கள் முட்டிக்கொண்டிருந்தோம். மதுரைக்காரனுக்குக் கோட்டைப் பைத்தியம் பிடித்திருந்தது. அந்த ஞாயிறு கரண்ட் தொல்லையே வேண்டாம் என்று மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு நேரு பிளேஸில் ஜெனரேட்டர் உள்ள ஓர் ஆபீசுக்குப் போய்விட்டான். மற்ற ஏழு பேர் முனிர்கா கஃபேயில். அக்கா தன் வீட்டில். கதவை உடைத்து அவர்கள் நாலு பேரும் உள்ளே நுழைந்துவிட்டார்கள். நாங்கள் ஏழு பேரும் வாசலுக்கு வெளியே. மணி மூன்று நாற்பது. முனிர்காவில் கரண்ட் போயிற்று.

பிறகு நடந்ததைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். உள்ளே நாலு பேரும் அடி வாங்கிக்கொண்டிருந்தார்கள். மருந்து போட அக்கா வந்தால் இருபது நிமிடம் தாக்குப் பிடித்துவிடலாம். மதுரைக்காரன் "உள்ள வாங்க, உள்ள வாங்க" என்று இருபது தடவை எழுதினான். அக்கா வாசலுக்கு வெளியே, சிலையாக நின்ற எங்கள் ஏழு பேரைச் சுற்றிச் சுற்றி வந்து வருகிறவனையெல்லாம் தடுத்துக்கொண்டிருந்தார். கரண்ட் வந்து நாங்கள் திறந்தபோது ஏழு பேரிடமும் எல்லாம் பத்திரமாக இருந்தது. கோட்டை போயிருந்தது.

மதுரைக்காரன் பக்கமும் நியாயம் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். கத்தி போனால் வேறு கத்தி. நாலு மாத உழைப்பு போனால்? ஒரு குழு என்றால் தலைவன் சொல்வதைக் கேட்க வேண்டாமா? அன்றிரவு அறையில் அவன் சாப்பிடவில்லை. "அந்தம்மா நல்லவுக, ஒத்துக்கறேன். ஆனா டீமுக்கு ஆகாது மாப்ள" என்றான். ஜெனரேட்டர் அண்ணா ஒரு பெண் என்பதை மட்டும் ஒரு நாள் அவனிடம் உளறியிருந்தேன். அந்தக் கட்டிலைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. அன்றாவது சொல்லியிருக்கலாம்.

மறுநாள் சாயங்காலம் எல்லோரையும் காட்டில் ஒரு மரத்தடியில் கூட்டினான். தாடி வைத்த மல்லனும் வந்து நின்றார். தலைவனையும் அவரையும் விட்டால் பத்துப் பேர். "இவரை நீக்கப் போறேன். பாதிப் பேர் நீக்க வேணாம்னு எழுதுனா விட்டுர்றேன். எழுதாதவங்க சம்மதம்னு எடுத்துக்குவேன். அஞ்சு நிமிசம்" என்று அறிவித்தான். ஐந்து பேர் போதும். முதல் இரண்டு நிமிடத்தில் நாலு பேர் எழுதிவிட்டார்கள். நாலும் முனிர்கா பையன்கள்.

நான் ஐந்தாவது ஆள். 'வேண்டாம்' என்று அடித்தும் விட்டேன். என்டர் தட்ட வேண்டியதுதான் பாக்கி. பிளைவுட் தடுப்புக்கு அந்தப் பக்கம் மதுரைக்காரனின் முழங்கை தெரிந்தது. ராத்திரி அவனோடுதான் ஒரே அறையில் படுக்க வேண்டும். தில்லியில் எனக்கு அறை பிடித்துக் கொடுத்தவன், காய்ச்சலில் கஞ்சி வாங்கி வந்தவன். வேறு யாராவது எழுதிவிடுவார்கள் என்று நினைத்தேன். மூன்று நிமிடம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். யாரும் எழுதவில்லை. மல்லனின் தலைக்கு மேலே இருந்த எங்கள் குழுவின் சின்னம் மறைந்தது.

"அச்சா. எல்லாரும் நல்லா இருங்க" என்று எழுதினார் அக்கா.

ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். என்னால் அந்தத் திரையைப் பார்க்க முடியவில்லை. அணைக்காமல் அப்படியே எழுந்து வெளியே போய்விட்டேன். பெர் சராய் வரை நடந்து திரும்பினேன். என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

புதன்கிழமை மதியம் முனிர்காவில் மறுபடி கரண்ட் போயிற்று. அன்று நான் கஃபேக்குப் போகவில்லை, பையன்கள் வந்து சொன்னார்கள். திரும்பக் கரண்ட் வந்தபோது ஐந்து பேருக்கு நடுவில் தாடிக்கார மல்லன் நின்றிருந்தாராம், தலைக்கு மேலே எந்தச் சின்னமும் இல்லாமல். ஐந்து பேரில் மதுரைக்காரனும் ஒருவன். எழுதத் தொடங்கி, அழித்து, பிறகு ஒன்றும் எழுதாமல் எழுந்து வந்துவிட்டானாம். அந்த வாரக் கோட்டைச் சண்டைக்கு அவன் யாரையும் கூப்பிடவில்லை.

சனிக்கிழமை போகலாமா வேண்டாமா என்று மூன்று பஸ்களை விட்டுவிட்டு நாலாவதில் ஏறினேன். அக்கா வழக்கம் போலக் கதவைத் திறந்தார், வழக்கம் போலக் குளித்தாயா என்று கேட்டார். மாமியாருக்கு மாற்றுப் புடவை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"திங்கக்கிழமை எங்க போனே?" என்றார். "எல்லாரும் போனப்புறமும் மரத்தடியில அப்படியே நின்னே. ரெண்டு தடவை கூப்பிட்டேன், பதிலில்லை. ரோஹிணி பசங்க நாலு பேர் வந்துட்டாங்க. அரை மணி நேரம் பக்கத்துலேயே இருந்தேன். அப்புறம் சிஸ்டமே உன்னை எடுத்துடுச்சு. கரண்ட் போயிடுச்சா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். வாய்வரை வந்தது.

"கரண்டு போவலக்கா" என்றேன். "இருந்துச்சு. நான்தான் ஒண்ணும் எழுதல. வேண்டாம்னு அடிச்சு வச்சிட்டு, அனுப்பாம இருந்துட்டேன்."

"தெரியும். மத்த பசங்க நாலு பேர் முனிர்காலேர்ந்துதானே எழுதினாங்க?"

"தெரிஞ்சுமா பக்கத்துல நின்னீங்க?"

இதெல்லாம் ஒரு கேள்வியா என்பது போல என்னைப் பார்த்தார்.

"அரே, நீ நகரவே இல்லியேடா."

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. இருபத்து நாலு வயதில், அடுத்தவர் வீட்டு நடு அறையில், அடக்க முடியாமல் அழுதேன். அக்கா புடவையை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு கட்டிலுக்கு அந்தப் பக்கம் போனார்.

"அழறதுன்னா அப்புறமா அழு. நம்ம பேச்சுல அத்தை ஒரே பக்கமா படுத்திருக்காங்க. திருப்பணும். இப்படி வா, தோளைப் பிடி. ஜல்தி."

கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்த் தோளைப் பிடித்தேன்.